குன்னூர் எலிகளும் அங்கன்வாடி முற்றமும்

நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு ஒருமுறை கடைசி மார்க் போட்டிருக்கிறார்கள். போட்டவர் ராபர்ட் மெக்காரிசன் என்ற அயர்லாந்து மருத்துவர். இடம் குன்னூர். காலம் 1920கள். இந்தியாவின் ஏழு பகுதி மக்கள் அன்றாடம் உண்பதை அப்படியே சமைத்து, ஏழு கூட்டம் எலிக்குஞ்சுகளுக்குப் போட்டு வளர்த்தார். சில மாதம் கழித்து எடை பார்த்தார். சீக்கியர் சாப்பாட்டில் வளர்ந்த எலிகளுக்கு முதலிடம். அப்புறம் பட்டாணியர், மராட்டியர், கூர்க்கா, கன்னடர், வங்காளி என்று இறங்கிக்கொண்டே வந்து, கடைசி இடம் ‘மதராசி’க்கு. கோதுமை ரொட்டி, பருப்பு, பால், வெண்ணெய், காய்கறி தின்ற எலிகள் தளதளவென்று இருந்தன. தீட்டிய அரிசிச் சோறு தின்ற நம் எலிகள் நோஞ்சானாகப் போயின.

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் என் தாய்மாமா. அந்த ஆய்வுக்கூடத்தில் எழுத்தராக இருந்தவர். மெக்காரிசன் தாய்நாடு திரும்பிப் பத்து வருஷத்துக்குமேல் ஆனபிறகுதான் மாமா வேலைக்கே சேர்ந்தார். ஆனாலும் எலிகளைத் தானே தராசில் வைத்தது மாதிரித்தான் சொல்வார். “ஏங்கண்ணு, வெறும் சோத்தை மட்டும் வழிச்சுத் தின்னுட்டு ஓடுனீன்னா நீயும் கடைசிக் கூண்டுதான்” என்பது குன்னூரில் எங்கள் வீட்டு மிரட்டல். கூட்டும் கீரையும் அந்த மிரட்டலில்தான் உள்ளே போயின.

மலருக்கு ஒரு கட்டுரை தாருங்கள் என்று சங்கத்தில் கேட்டபோது கொஞ்சம் தயங்கினேன். சங்க இலக்கியம், சோழர் கோயில் பற்றியெல்லாம் எழுத இங்கே தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் மனையியல் ஆசிரியை. ஆயுசு முழுக்கப் பார்த்தது குழந்தைகளின் சாப்பாட்டுத் தட்டு. ஆனால் குன்னூரிலிருந்து ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்து வந்தது நானும் என் மாமாவும் மட்டுமில்லை. ஒரு ஆய்வுக்கூடமே அப்படி வந்திருக்கிறது. அதன் வரலாற்றில் நம்மவர்களுக்குப் பங்கு உண்டு. அதோடு, நான் செய்த ஒரு தவறும் அந்த வரலாற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதையும் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஒரு அறையில் தொடங்கியது அது. பெரிபெரி நோய் ஏன் வருகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. அரிசியைத் தீட்டத் தீட்டத் தவிட்டோடு உயிர்ச்சத்தும் போய்விடுகிறது என்பது இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அன்று அது புதுச் செய்தி. 1928-ல் அந்த ஒற்றை அறை முழு ஆய்வுக்கூடமாக வளர்ந்தது, மெக்காரிசன் அதன் முதல் இயக்குநரானார். அவருக்குப் பின் வந்த அய்க்ராய்ட் எலியை விட்டுப் பிள்ளைகளிடம் வந்தார். 1930களில் விடுதிகளில் தங்கிப் படித்த ஏழைப் பிள்ளைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பாலை வழக்கமான சாப்பாட்டோடு கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். உயரமும் எடையும் கூடின. 1937-ல் இந்திய உணவுப் பொருட்களில் என்னென்ன சத்து எவ்வளவு என்ற அட்டவணை அச்சாகியது. இன்று நாம் ராகியில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்று கைப்பேசியில் படித்துப் பரிமாறிக்கொள்கிறோமே, அதற்கெல்லாம் தாய்வேர் அந்தச் சின்னப் புத்தகம்.

1958-ல் ஆய்வுக்கூடம் ஹைதராபாத்துக்கு மாறியது. மாமாவும் பெட்டி படுக்கையோடு வந்து தார்நாகாவில் குடியேறினார். முதல் கோடையில் அத்தை ஊருக்கே திரும்பிப் போய்விடலாம் என்று அழுதாளாம். குன்னூர்க் குளிரில் இருந்தவளுக்கு இந்த ஊர் மே மாதம் எப்படி இருந்திருக்கும்! பொன்விழாவை ஒட்டி 1969-ல் அதற்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் வந்தது. இரண்டு வருஷம் கழித்து மேல்படிப்புக்காக நானும் மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். உஸ்மானியா பல்கலைக்கழகத்துக்குப் போகும் வழியில் அந்த வளாகத்தைத் தினமும் கடப்பேன்.

அப்போது அங்கே பெரிய பேச்சு, டாக்டர் கோபாலனைப் பற்றித்தான். சேலத்தில் பிறந்தவர். ஆய்வுக்கூடம் பிறந்த அதே 1918-தான் அவர் பிறந்த வருஷமும். 2019 அக்டோபரில், நூறு வயதில் சென்னையில் காலமானார். அவர் செய்ததைச் சொல்ல வேண்டுமானால் அந்தக் காலத்துப் புரதப் பைத்தியத்தை முதலில் சொல்ல வேண்டும்.

1960களில் உலகம் முழுக்க ஒரே கூக்குரல்: ஏழை நாட்டுக் குழந்தைகளுக்குப் புரதம் போதவில்லை. ஐக்கிய நாடுகள் சபையே ‘புரத நெருக்கடி’ என்று அறிக்கை விட்டது. மீன்மாவு, சோயா, வேர்க்கடலைப் புண்ணாக்கு மாவு என்று எதையெல்லாமோ பொடி செய்து டப்பாவில் அடைத்தார்கள். மைசூரில் மத்திய உணவு ஆய்வு நிலையமும் கடலை மாவுக் கலவை தயாரித்தது. கோபாலனும் அவருடைய சகாக்களும் வீடு வீடாகப் போய்க் குழந்தைகள் நிஜமாகவே என்ன சாப்பிடுகிறார்கள் என்று அளந்து பார்த்தார்கள். சோறும் பருப்பும் அளவில் குறைவு. சாப்பிடும் வகையில் புரதம் அவ்வளவு மோசமில்லை. வயிறு நிறைய அதே சாப்பாடு கிடைத்தால் புரதமும் தானே சேர்ந்துவிடும். குறை புரதத்தில் இல்லை, மொத்தச் சாப்பாட்டில், அதாவது கலோரியில். வீங்கிப் போகும் குவாஷியோர்க்கர் குழந்தைக்கும் வற்றிப் போகும் மராஸ்மஸ் குழந்தைக்கும் உணவில் பெரிய வித்தியாசம் இல்லை என்று அவர் காட்டியது அன்று மருத்துவ உலகத்தில் பலருக்குப் பிடிக்கவில்லை.

இதை நிரூபிக்க அவர்கள் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட கிராமத்துக் குழந்தைகளுக்குத் தினமும் ஒரு இனிப்புத் துண்டு. கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய், அவ்வளவுதான். 310 கலோரி, புரதம் வெறும் 3 கிராம். புரதக் கட்சிக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். 14 மாதம் கொடுத்தார்கள். உயரத்திலும் எடையிலும் அந்தக் குழந்தைகள் மற்றவர்களை நன்றாகவே முந்தினார்கள். 1973-ல் அது அமெரிக்க ஆய்விதழில் வெளியானது. மாமா அந்தத் துண்டுகளில் ஒன்றைத் தின்று பார்த்திருக்கிறார். “நம்ம கோதுமை ஹல்வா மாதிரி இருக்கும்னு நெனச்சேன். இல்ல. ஆனா பசிக்கு நல்லா இருந்தது” என்றார்.

1975 அக்டோபர் 2-ல் நாடு முழுக்க 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு 300 கலோரி, 8 முதல் 10 கிராம் புரதம் என்று வைத்தார்கள். 2001-ல் உச்ச நீதிமன்றமே இந்த 300-ஐத் தன் உத்தரவில் எழுதியது. 2009-ல் அது 500 கலோரியாக உயர்ந்தது. தமிழ்நாட்டில் 1980-ல் உலக வங்கிக் கடனில் வந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் கைக்குழந்தைகளை மாதா மாதம் நிறுத்து, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சத்து லட்டு கொடுத்தார்கள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்தது. பள்ளிக்குப் போகாத இரண்டு வயதுக் குழந்தைக்கும் அதில் இலை உண்டு. இதெல்லாம் நமக்குத் தெரிந்த, பெருமைப்பட வேண்டிய கதை. எல்லாவற்றிலும் நடுவில் தொங்குவது தராசு என்பதை மட்டும் கவனியுங்கள்.

இப்போது ‘அங்கன்வாடி’ என்ற சொல்லுக்கு வருகிறேன். இது அரசாங்கம் கண்டுபிடித்த சொல் இல்லை. தாராபாய் மோடக் என்ற மராட்டிய அம்மையார் உண்டாக்கியது. பாவ்நகரில் கிஜுபாய் பதேகாவோடு குழந்தைகள் பள்ளி நடத்திப் பழகியவர், 1945-ல் பம்பாய்க்கு வடக்கே கடலோரத்தில் போர்டி என்ற ஊரில் கிராமத்துக் குழந்தைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கினார். பிறகு கோஸ்பாட் மலைக்குப் போய் வார்லி பழங்குடிக் குழந்தைகளிடையே வேலை செய்தார். மாண்டிசோரி அம்மையார் 1939-ல் அடையாறு வந்து பாடம் எடுத்த காலத்தில், அந்த முறைக்கு விலையுயர்ந்த மரச்சாமான் வேண்டும் என்று பலரும் நினைத்தார்கள். தாராபாய் கூழாங்கல், விதை, இலை, மண் இவற்றை வைத்தே அதைச் செய்தார். குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லையா? பள்ளி குழந்தைகள் இருக்கும் இடத்துக்குப் போகட்டும் என்று, குடியிருப்புகளின் நடுவே இருந்த முற்றத்தில் வகுப்பை வைத்தார். அங்கன் என்றால் முற்றம். முற்றத்தில் நடப்பது அங்கன்வாடி. அதாவது அந்தச் சொல்லுக்குள்ளேயே குழந்தை ஓடுவதற்கான இடம் இருக்கிறது.

அரசாங்கம் சொல்லை எடுத்துக்கொண்டது. முற்றம் எத்தனை இடத்தில் கூட வந்தது? நான் பார்த்த மையங்களில் பாதிக்குமேல் வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை. ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் மாவு மூட்டை, கதவுக்கு மேலே தொங்கும் தராசு, மிச்சத்தில் முப்பது குழந்தைகள். திட்டத்தின் ஆறு சேவைகளில் விளையாட்டு தனியாக இல்லை. முன்பருவக் கல்விக்குள் அடங்கியது. ஆயம்மா பாவம், சமைப்பாளா, நிறுப்பாளா, பதிவேடு எழுதுவாளா, ஓடியாட விட்டு முப்பதையும் மேய்ப்பாளா? மேலதிகாரி வந்து கேட்பது மூட்டைக் கணக்கையும் எடைக் கணக்கையும்தான்.

1983-ல் கல்லூரி மாணவிகளைக் கூட்டிக்கொண்டு நகரத்திலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துத் தூரத்தில் ஒரு கிராமத்துக்குப் போனேன். மையத்தில் மக்காச்சோளமும் சோயாவும் கலந்த மாவில் உப்புமா. குழந்தைகள் சாப்பிட்டார்கள். என் மாணவிகள் ஒவ்வொருவரும் ஒரு குழந்தையைப் பற்றி ஒரு தாள் நிரப்ப வேண்டும். நான் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒரு பெண் குழந்தை. வயது மூன்று. எடை பத்து கிலோ. அன்றைய கணக்குப்படி ஊட்டக்குறைவு இரண்டாம் தரம். உப்புமாவைச் சாப்பிட்டுவிட்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் நாங்கள் கிளம்பும்வரை எழவில்லை. அழவில்லை. பக்கத்தில் இரண்டு பையன்கள் தகர டப்பாவை உருட்டிக்கொண்டு ஓடினார்கள். கண் மட்டும் டப்பா பின்னால் போயிற்று. ஆயம்மா பெருமையாகச் சொன்னாள்: “மஞ்சி பில்ல மேடம், அல்லரி சேயது.” நல்ல பிள்ளை, குறும்பே கிடையாது. மாணவி குறிப்புப் பகுதியில் ‘அமைதியானவள், சொன்ன பேச்சு கேட்பவள்’ என்று எழுதியிருந்தாள். நான் கையெழுத்திட்டதோடு நிற்காமல், ‘நல்ல பழக்கங்கள்’ என்று சிவப்பு மையில் சேர்த்தேன்.

மூன்று நான்கு வருஷம் கழித்து ஒரு புத்தாக்கப் பயிற்சிக்காக நூலகத்தில் உட்கார்ந்து லத்தீன் அமெரிக்க ஆய்வுகளைப் படித்தேன். குவாதமாலாவில் ஒரு குழு, ஊட்டக்குறைவிலிருந்து தேறிவரும் குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, இரண்டு பிரிவுக்கும் ஒரே மாதிரி நல்ல சாப்பாடு கொடுத்தது. ஒரு பிரிவை மட்டும் ஏறி இறங்கி, ஓடி விளையாட வைத்தார்கள். விளையாடிய குழந்தைகள் உயரத்தில் கூடுதலாக வளர்ந்தன. மெக்ஸிகோவில் ஒரு ஏழைக் கிராமத்தில் சில தாய்களுக்கும் குழந்தைகளுக்கும் கூடுதல் உணவு கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் குழந்தைகள் சீக்கிரமே நடமாடின, எதையும் கேட்டு அடம் பிடித்தன, சொல் கேட்கவில்லை. அவர்கள் படுத்திய பாட்டில் அப்பா அம்மா அவர்களோடு கூடுதலாகப் பேசவும் விளையாடவும் வேண்டியதாயிற்று. கூடுதல் உணவு கிடைக்காத குழந்தைகள் சமத்தாகத் தாய் முதுகிலேயே கிடந்தன.

இதன் கணக்கு எளிது. குழந்தையின் உடம்பு மாதச் சம்பளக்காரன் வீடு மாதிரி. இதயம், மூளை, உடற்சூடு இவற்றுக்கான செலவு வீட்டு வாடகை போல, நிறுத்த முடியாது. வளர்ச்சி என்பது சேமிப்பு. விளையாட்டு என்பது கைச்செலவு. வருமானம் குறைந்தால் முதலில் எதை வெட்டுவோம்? கைச்செலவைத்தான். குழந்தையின் உடம்பும் முதலில் ஓட்டத்தை வெட்டுகிறது. அதுவும் போதாதபோதுதான் வளர்ச்சியில் கை வைக்கிறது. ஆகவே தராசில் எடை இன்னும் சரியத் தொடங்காத காலத்திலேயே முற்றத்தில் பசி தெரிந்துவிடும், பார்க்கத் தெரிந்தவர்களுக்கு. எனக்குத் தெரியவில்லை. மனையியலில் முதுகலை, கையில் சிவப்புப் பேனா, பசியைப் பார்த்து ‘நல்ல பழக்கங்கள்’ என்று எழுதினேன். அந்தக் கிராமத்துக்கு மறுபடி போனேன். மையத்தை வேறு தெருவுக்கு மாற்றியிருந்தார்கள். அந்தக் குடும்பம் செங்கல் சூளை வேலைக்குப் போய்விட்டது என்றார்கள், எந்த ஊர்ச் சூளை என்று சொல்லத் தெரியவில்லை.

(பசித்த குழந்தையை எழுப்பி ஓடவிட வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. குவாதமாலாவில் வயிற்றை நிரப்பிவிட்டுத்தான் விளையாட விட்டார்கள்.)

அதே சமயத்தில், 1987 முதல் 1990 வரை, ஹைதராபாத்தைச் சுற்றி 29 கிராமங்களில் ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு ஆய்வு நடத்திக்கொண்டிருந்தது. சில கிராமங்களுக்குத் திட்டம் முன்னமே வந்துவிட்டது. சிலவற்றுக்கு இன்னும் வரவில்லை. வந்த ஊர்களில் கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயது வரையான குழந்தைகளுக்கும் தினமும் அந்தச் சோள உப்புமா. பதினைந்து வருஷம் கழித்து, 2003 முதல் 2005-க்குள் அந்தக் குழந்தைகளை, இப்போது 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளை, தேடிப்பிடித்து மறுபடி அளந்தார்கள். 1,165 பேர். முடிவு 2008-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. உப்புமா ஊர்ப் பிள்ளைகள் சராசரியாக 14 மில்லிமீட்டர் உயரம் கூடுதல். ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லையே என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் இன்சுலின் சரியாக வேலை செய்யாத போக்கு அவர்களிடம் குறைவு. ரத்தக் குழாய்களின் விறைப்பும் குறைவு. சர்க்கரை நோயும் மாரடைப்பும் குடும்பச் சொத்தாக வரும் நாட்டில், ஆயம்மா கிண்டிய உப்புமா பதினைந்து வருஷம் கழித்து ரத்தக் குழாயில் தெரிகிறது என்றால் அது சாமானியமா? மாமா அதற்குள் போய்விட்டார். இருந்திருந்தால் எலிக்கதையோடு இதையும் சேர்த்திருப்பார்.

உப்புமாவின் கணக்கு நாற்பது ஆண்டு கழித்தும் இருக்கிறது. ஓட்டத்தின் கணக்கு நம்மிடம் மெல்லியதாகத்தான் இருக்கிறது. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மூன்று நான்கு வயதுக் குழந்தை நாளைக்குக் குறைந்தது 180 நிமிடம் உடம்பை அசைக்க வேண்டும். அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓட வேண்டும். திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். ஒரே இடத்தில் கட்டிப்போட்ட மாதிரி ஒரு மணிக்கு மேல் உட்காரவைக்கவும் கூடாது. நம் நாட்டில் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 19.3 சதவீதம் மெலிந்தவர்கள். கூடுதல் எடை 3.4 சதவீதம்தான், ஆனால் முந்தைய கணக்கெடுப்பில் அது 2.1. இரண்டு பக்கமும் ஓட்டை விழுந்த பாத்திரம் இது.

அந்த 3.4-ல் என் பேத்தியும் சேர்ந்துவிடுவாளோ என்று பயம். மூன்று வயது, பதினேழு கிலோ. மகளும் மருமகனும் ஹைடெக் சிட்டி பக்கம் வேலை. குழந்தை அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ஒரு காப்பகத்தில். சாயங்காலம் கைப்பேசியில் செய்தி வரும்: தட்டைக் காலி செய்தாள், இரண்டு மணி நேரம் தூங்கினாள், சமத்தாக இருந்தாள். மகள் அதைப் படித்துச் சந்தோஷப்படுவாள். ஒருநாள் முன்கூட்டியே கூப்பிடப் போனேன். பளபளவென்ற அறை, சுவரெல்லாம் வண்ணம், ஒரு பெரிய தொலைக்காட்சி. அதன் எதிரில் பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் கைகட்டி உட்கார்ந்திருந்தன. என் பேத்தி சுவரில் சாய்ந்திருந்தாள். பத்து கிலோவுக்கும் பதினேழு கிலோவுக்கும் எவ்வளவோ தூரம். அந்தச் சாய்வு மட்டும் ஒன்றேதான்.

மகளிடம் சொன்னேன். “அம்மா, கீழே விழுந்தா யார் பதில் சொல்றது? அதான் ஓட விட மாட்டேங்கறாங்க” என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வேலைக்குப் போகிற பெண்ணிடம் போய் நான் என்ன சண்டை போடுவது? இப்போது நாலு மணிக்கே போய் அழைத்துவந்து பூங்காவில் விடுகிறேன். முழங்கால் வலிக்கிற அன்றைக்குத்தான் முடியவில்லை.

பிறத்தியாரைச் சொல்லிக்கொண்டிருந்தால் போதுமா? நம் சங்கத்து ஞாயிறு தமிழ் வகுப்பில் நானும் ஒரு ஆசிரியை. போன ஆடி மாதம் ஒரு ஞாயிறு, பழைய பழக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பின்வரிசையில் உட்கார்ந்து, சின்ன வகுப்புப் பிள்ளைகள் காலில் நின்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு வந்தேன். வகுப்பு இரண்டு மணி நேரம். நடுவில் ஆளுக்கொரு சமோசா, ஒரு பொட்டலம் பிஸ்கட். ஒரு குழந்தைக்குச் சராசரியாகப் பதினோரு நிமிடம் வந்தது. அதிலும் பெரும்பகுதி கழிப்பறைக்குப் போய் வந்தது.

செயலாளரிடம் நோட்டைக் காட்டினேன். சிரித்தார், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, “என்ன செய்யணும்னு சொல்லுங்க மேடம்” என்றார். அடுத்த வாரத்திலிருந்து சமோசாவுக்குப் பதில் சுண்டல். ஒரு வாரம் கொண்டைக்கடலை, ஒரு வாரம் பச்சைப் பயறு, பெற்றோர் முறைவைத்துக் கொண்டுவருகிறார்கள். வகுப்பின் பின்பாதியில் நாற்காலிகளைச் சுவர் ஓரம் அடுக்கிவிடுகிறோம். உயிரெழுத்துக்களைச் சுண்ணாம்புக்கட்டியால் தரையில் பெரிதாக எழுதி, நான் எழுத்தைச் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் அதன்மேல் தாவுகிறார்கள். ‘ஔ’ மட்டும் மூலையில் இருப்பதால் அங்கே போய்ச் சேர்வதற்குள் இரண்டு பேராவது மோதிக்கொள்கிறார்கள். கூச்சல் மாடி அலுவலகம்வரை கேட்கிறது என்று புகார் வந்திருக்கிறது.